டச்சப் பென்சில்

அப்பாவின் டச்சப் மேசை இப்போது என் வீட்டு மொட்டை மாடி அறையில் இருக்கிறது. சாய்ந்து நிற்கும் மரச்சட்டம். அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பால்நிறக் கண்ணாடி. அடியில் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. ஜன்னல் வெளிச்சம் அந்த அடிக்கண்ணாடியில் பட்டு மேலே ஏறும். பால்நிறக் கண்ணாடி மேல் வைத்த நெகட்டிவ் பளிச்சென்று தெரியும். திண்டுக்கல்லில் ஸ்டூடியோ வைத்திருந்த அப்பா, பகல் பதினொரு மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்.

பென்சிலை அவர் சீவும் விதமே தனி. ஈயம் ஒரு அங்குலத்துக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தையல் ஊசி முனைக்குக் கொண்டுவருவார். நெகட்டிவ் மேல் வார்னிஷ் மாதிரி ஒரு திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவுவார். அது இருந்தால்தான் பென்சில் பிடிக்கும். பிறகு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சுழிகள். அம்மைத் தழும்பின் நிழல் நெகட்டிவில் வெளிறிய பொட்டாகத் தெரியும். அந்தப் பொட்டைப் பென்சிலால் நிரப்பிவிட்டால், பிரிண்ட் போடும்போது அந்த இடம் வெளுத்துச் சுற்றியுள்ள தோலோடு சேர்ந்துகொள்ளும். கண்ணுக்குக் கீழ் இருக்கும் கருவளையமும் அப்படித்தான் போகும். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் இந்த வேலை கட்டாயம். “ரொம்பத் தொடக்கூடாதும்மா, தொட்டது தெரிஞ்சா ஆள் மாறிடும்” என்பார்.

அப்படியும் சிலர் கவரைத் திருப்பிக்கொண்டு வந்து நிற்பார்கள். “அண்ணே, இது நான் இல்லையே.” அப்பா வாதாட மாட்டார். இன்னொரு முறை உட்கார வைத்து எடுப்பார். சிலருக்கு மூன்றாவது படமும் பிடிக்காது. அவர்கள் முகத்தில் அப்போது தெரிந்தது கோபம் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். கோபம் இல்லை, பயம் என்று புரிய எனக்கு இருபது வருடப் படிப்பும் வேலையும் தேவைப்பட்டன.

நான் மதுரையில் மனநல உளவியலாளராக இருக்கிறேன். என் அறைக்கு வருகிறவர்களில் ஒரு சிலருக்கு இருப்பது பாடி டிஸ்மார்ஃபிக் டிசார்டர், சுருக்கமாக பி.டி.டி. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது தெரிந்தும் பொருட்டாகப் படாத ஏதோ ஒன்று இவர்களுக்குத் தங்கள் உடம்பில் கோரமாகத் தெரியும். மூக்கு, தோல், முடி இந்த மூன்றும்தான் அதிகம். கண்ணாடியை விட்டு வர முடியாது, அல்லது கண்ணாடி இருக்கும் பக்கமே போக முடியாது. வெளிநாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளில் நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு இது இருக்கிறது. தற்கொலை எண்ணம் இவர்களிடம் மிக அதிகம். ‘அழகு பார்க்கிற புத்தி’ என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது அதைத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பி வந்தான். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன். மே மாத வெயிலில் மாஸ்க்கும் தொப்பியும். உட்கார்ந்ததும் பையிலிருந்து பள்ளிக்கூடத்து ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து மேசையில் வைத்தான். உள்ளே கவராயம், பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல், நான்காக மடித்த கிராஃப் தாள். தாளில் அவன் மூக்கு, பக்கவாட்டிலும் நேராகவும், மில்லிமீட்டர் கணக்கோடு. “மேடம், எல்லாரும் நல்லாத்தான் இருக்குங்கிறாங்க. நீங்க ஒரு தடவை அளந்து பாத்துச் சொல்லுங்க” என்றான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஒருவருக்குத் தன் முகம் எப்படித் தெரிகிறது என்பதை வெளியிலிருந்து இன்னொருவர் அளக்க முடியுமா? இதே கேள்வியோடு மருத்துவம் நூறு வருடத்துக்கு மேல் திண்டாடியிருக்கிறது. அந்தத் திண்டாட்டத்தின் கதை எனக்கு மனப்பாடம்.

இந்த நோய்க்கு முதலில் பெயர் வைத்தவர் என்ரிக்கோ மொர்செல்லி, இத்தாலியர். 1891இல் ஜெனோவா நகரத்து மருத்துவக் கழகத்தின் இதழில் இரண்டு அச்சங்களைச் சேர்த்து ஒரு கட்டுரை எழுதினார். ஒன்று, உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயம். மற்றது, தான் விகாரமாகிவிட்டோமோ என்ற பயம். இரண்டாவதற்குக் கிரேக்கச் சொல்லை வைத்து ‘டிஸ்மார்ஃபோஃபோபியா’ என்று பெயரிட்டார். படித்துக்கொண்டிருக்கும்போதோ, பேசிக்கொண்டிருக்கும்போதோ, சாப்பாட்டுத் தட்டின் முன்னாலோ எந்த நேரத்திலும் அந்தச் சந்தேகம் வந்து இவர்களைப் பிடித்துக்கொள்ளும் என்று அவர் எழுதியிருக்கிறார். நேரில் பார்த்து மனம் வருந்தியவரின் எழுத்து அது. அவரிடம் அளவுகோல் கிடையாது. கேட்டார், கேட்டதை எழுதினார். பன்னிரண்டு வருடம் கழித்து பாரிஸில் பியர் ஜானே இதையே உடம்பைப் பற்றிய வெட்கம் விடாப்பிடி எண்ணமாக மாறிய நிலை என்று பார்த்தார். அந்தப் பார்வை எவ்வளவு சரியானது என்பது மிகவும் பின்னால்தான் தெரிந்தது.

ஃபிராய்டின் நோயாளிகளில் பேர் பெற்றவர் ‘ஓநாய் மனிதர்’ என்று அழைக்கப்படும் ரஷ்யர், செர்கெய் பங்கெயெவ். 1926இல் அவருக்கு மறுபடி நிலைமை மோசமானபோது வியன்னாவில் ரூத் மாக் பிரன்ஸ்விக் என்ற பெண் மருத்துவர் அவரைப் பார்த்தார். கனவில் வந்த ஓநாயெல்லாம் போய், இப்போது மூக்குதான் அவருக்கு எல்லாமே. மூக்கில் வடு விழுந்துவிட்டது, இனி சரியாகாது என்று நம்பினார். சட்டைப்பையில் சின்னக் கண்ணாடி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பார், பவுடர் போடுவார், துடைப்பார், திரும்பவும் பார்ப்பார். பிரன்ஸ்விக் 1928இல் வெளியிட்ட அந்தக் கட்டுரையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜாமெட்ரி பாக்ஸ் ஞாபகத்துக்கு வரும். அன்று சட்டைப்பைக் கண்ணாடி, இன்று போனின் முன்பக்க கேமரா. கை போகும் வேகம் மட்டும் மாறவில்லை.

அளக்கும் கருவி என்று ஒன்று வந்தது 1964இல், அமெரிக்காவில். டிராப், ஆர்பாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வளையக்கூடிய ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் செய்தார்கள். பொருட்காட்சியில் குண்டாகவும் ஒல்லியாகவும் காட்டுமே, கிட்டத்தட்ட அந்தக் கண்ணாடிதான். வித்தியாசம், இதன் வளைவை வேண்டியபடி மாற்றலாம். முன்னால் நிற்பவர் தன் பிம்பம் கோணலாகத் தொடங்கி மெல்ல மாறுவதைப் பார்த்து, ‘இதுதான் நான்’ என்று தோன்றும் இடத்தில் நிறுத்த வேண்டும். அவர் நிறுத்திய வளைவுக்கும் நேரான கண்ணாடிக்கும் உள்ள தூரம்தான் அளவு.

எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நோய் எதுவும் இல்லாதவர்களும் அந்தக் கண்ணாடியை ஒரே புள்ளியில் கொண்டுபோய் நிறுத்தவில்லை. இதுவும் நான்தான், கொஞ்சம் தள்ளி அதுவும் நான்தான் என்று ஒரு வீச்சையே ஏற்றுக்கொண்டார்கள். தினமும் பார்க்கிற உடம்பு. அதன் சரியான அளவு நம் யாருக்கும் மில்லிமீட்டர் சுத்தமாகத் தெரியாது. அந்தத் தம்பியின் கிராஃப் தாள் தேடிய துல்லியம் மனிதக் கண்ணுக்கே வாய்க்காத ஒன்று.

அடுத்தது 1973, லண்டன். ஸ்லேட், ரஸ்ஸல் இருவரும், சாப்பாட்டை ஒதுக்கி மெலிந்துபோகும் அனொரெக்ஸியா நோயுள்ள பெண்களுக்காக ஒரு கருவி செய்தார்கள். இருட்டறை. குறுக்கே ஒரு சட்டம். அதில் நகரும் இரண்டு சிறு விளக்குகள். “உங்கள் இடுப்பின் அகலம் வரும்வரை சொல்லுங்கள்” என்றால், அந்தப் பெண் தள்ளு, இன்னும் தள்ளு, போதும் என்பாள். முகம், மார்பு, இடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி. பிறகு உண்மையான அகலத்தை அளந்து, சொன்னதை அதனால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். நூறு வந்தால் சரி. நூறுக்கு மேல் போனால் தன்னை அகலமாகப் பார்க்கிறாள். எலும்பும் தோலுமாக இருந்த பெண்கள் நூறைத் தாண்டி எங்கோ போனார்கள். நோய் கண்ணில்தான் இருக்கிறது என்று எல்லோரும் நம்பத் தயாரானார்கள். சில வருடங்களில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அதே விளக்குச் சட்டத்தை ஆரோக்கியமான பெண்களிடம் கொடுத்தால் அவர்களில் பலரும் தங்களைக் கூட்டித்தான் சொன்னார்கள்.

இருட்டு அறையில் தன் இடுப்பை இரண்டு வெளிச்சப் புள்ளிகளாகப் பார்த்து நின்ற அந்தப் பெண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் அவர்களுக்குள் என்ன ஓடியது என்பதைக் கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை.

மொர்செல்லி வைத்த பெயர் அதிகாரபூர்வமான புத்தகத்துக்குள் நுழைய வெகு காலம் ஆனது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1980இல் ஒரு ஓரமாக இடம் கிடைத்தது. 1987இல் இன்றைய பெயரோடு தனி நோயானது. 2013இல் ஓசிடி எனப்படும் எண்ணச்சுழற்சி நோயின் குடும்பத்தில் சேர்த்தார்கள். ஜானே 1903இலேயே காட்டிய திசை.

தனிப் பெயர் கிடைத்தபின் கருவியும் மாறியது. காத்தரின் பிலிப்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் கூட்டாளிகளும் 1997இல் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 48. மூக்கு வளைந்ததா நேரா என்ற பேச்சே அதில் கிடையாது. முதல் கேள்வி, ஒரு நாளில் இந்த எண்ணம் எத்தனை மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பது. ஒரு மணிக்குள் என்றால் 1, எட்டு மணிக்கு மேல் என்றால் 4. அது வேலையை எவ்வளவு கெடுக்கிறது, எவ்வளவு வதைக்கிறது, அதை எதிர்த்து நிற்க முடிகிறதா என்று மற்றவை. அடுத்த வருடம் வந்த இன்னொரு அளவுகோல், ‘நான் விகாரமானவன்’ என்ற நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதை அளந்தது. அகலத்தை அளந்துகொண்டிருந்தவர்கள் வேதனையை அளக்க ஆரம்பித்தார்கள். இந்தத் துறையின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் திருப்பம் இது.

இந்தக் கேள்விகளைத் தமிழில் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதை நான் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் “உங்க முகத்துல என்ன குறை இருக்கிறதா நினைக்கிறீங்க?” என்று கேட்பேன். ‘குறை’ என்ற சொல் காதில் விழுந்ததும் எதிரில் இருப்பவர் முகம் இருண்டுவிடும். டாக்டரம்மாவே குறை என்று சொல்லிவிட்டார்களே. ஒரு பெண்ணிடம் இன்னும் பெரிய தப்புச் செய்தேன். கைக்கண்ணாடியைக் கொடுத்து, “நல்லாப் பாரும்மா, உன் மூக்கு நேராத்தான் இருக்கு” என்று அரை மணி நேரம் வாதாடினேன். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் வரவில்லை. பிறகு வரவே இல்லை. இப்போது நான் கேட்பது, “உங்களை ரொம்பக் கவலைப்பட வைக்கிற இடம் எது?” இத்தனை சின்ன மாற்றத்துக்கு எனக்கு ஐந்து வருடம் ஆனது.

கண்ணில்தான் கோளாறா என்ற பழைய கேள்வியையும் யாரும் விட்டுவிடவில்லை. அது கம்ப்யூட்டர் திரைக்குக் குடிபெயர்ந்தது. 2002இல் நியூயார்க்கில் செய்த ஒரு சிறு ஆய்வில், பி.டி.டி. உள்ளவர்களிடம் அவரவர் முகப்படத்தையே காட்டி, கோணலாகத் தெரிந்தால் சரிசெய்யுங்கள் என்றார்கள். படத்தில் யாரும் கை வைத்திருக்கவில்லை. ஆனாலும் சிலர் சரிசெய்தார்கள். அப்பாவின் கடைக்கு மூன்று தடவை வந்து நின்றவர்களை அந்த ஆய்வில் நான் பார்த்தேன்.

2007இல் கலிபோர்னியாவில் ஜேமி ஃபாய்ஸ்னரின் குழு, பி.டி.டி. உள்ள 12 பேரையும் நோயில்லாத 13 பேரையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து முகங்களைக் காட்டியது. சொந்த முகம் கிடையாது, யார் யாருடைய முகங்களோ. சில படங்கள் சாதாரணமானவை. சிலவற்றில் நுணுக்கங்களை அழித்து மங்கலாக்கியிருந்தார்கள். சிலவற்றில் கோடும் விளிம்பும் மட்டும். மங்கலான முகத்தை நாம் மொத்தமாகப் பார்ப்போம்; நுணுக்கம் இருந்தால்தான் மூளையின் இடப்பக்கம் கூடுதலாக இறங்கி வேலை செய்யும். பி.டி.டி. உள்ளவர்களின் மூளையோ நுணுக்கமே இல்லாத மங்கல் படத்திலும் இடப்பக்கத்தைக் கூடுதலாக இழுத்து வேலை வாங்கியது. இல்லாத இடத்திலும் துருவித் தேடும் பார்வை. அடுத்த வருடம் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், ஒரு பெண்ணின் படத்தில் கண்ணுக்கிடையே உள்ள தூரத்தையும் மூக்கையும் இம்மி இம்மியாக மாற்றிக் காட்டியபோது, அந்த வித்தியாசத்தை பி.டி.டி. உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சரியாகப் பிடித்தார்கள். இவர்களின் கண் மோசம் என்று இதற்குப் பிறகும் எப்படிச் சொல்வது? ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் அப்பா இவர்களை டச்சப் மேசையில்தான் உட்கார வைத்திருப்பார்.

இந்தக் கதையின் முடிச்சு 2011இல் லண்டனில் அவிழ்ந்தது என்பது என் எண்ணம். லாம்ப்ரூ, வீல், வில்சன் மூவரும் செய்த ஆய்வு அது. 50 பேர் பி.டி.டி. உள்ளவர்கள். 50 பேர் கலையும் வடிவமைப்பும் தெரிந்தவர்கள். 50 பேர் இரண்டிலும் சேராதவர்கள். ஒவ்வொருவரையும் படம் எடுத்து, முகத்தின் இரு பாதிகளும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைப் படிப்படியாக மாற்றி ஒன்பது படங்களாக வரிசைப்படுத்தினார்கள். பிறகு கேட்டார்கள்: இதில் நீங்கள் யார்? நீங்கள் ஆக விரும்புவது எது? எது அழகு? எது அருவருப்பு?

பி.டி.டி. உள்ளவர்களின் பார்வையில் கோணல் இல்லை. கோணல் மற்றவர்களிடம் இருந்தது! ‘இது நான்’ என்று நோயில்லாதவர்கள் காட்டிய படம், அவர்களுடைய உண்மை முகத்தைவிடச் சற்றுத் திருத்தமானது. தாங்கள் விரும்பும் முகத்தின் பக்கம் தங்களை அறியாமல் ஓரடி நகர்ந்து நின்றுகொண்டார்கள். பி.டி.டி. உள்ளவர்கள் அந்த ஓரடியை வைக்கவில்லை. இருப்பதை இருக்கிறபடி காட்டினார்கள். அதனால் இருப்பதற்கும் விரும்புவதற்கும் நடுவே அவர்களுக்குக் கிடங்கு போல இடைவெளி விழுந்தது.

இதற்கு மூன்று வருடம் முன்பு அமெரிக்காவில் எப்லி, விட்சர்ச் என்ற இருவர் செய்த சோதனையும் இதனோடு பொருந்திப் போகிறது. சாதாரண மக்களின் முகத்தைக் கொஞ்சம் அழகாக்கியும் கொஞ்சம் அழகைக் குறைத்தும் கலந்து வைத்தால், அவர்கள் சட்டென்று ‘நான்’ என்று எடுத்தது அழகாக்கிய படத்தைத்தான். இன்னும் பின்னால் போனால் 1977இல் ஒரு எளிய ஆய்வு. ஒருவரின் நேரான படத்தையும், அதையே இடவலம் மாற்றிய படத்தையும் காட்டினார்கள். நண்பர்களுக்குப் பிடித்தது நேரான படம். அவரவருக்குப் பிடித்தது மாற்றிய படம், அதாவது கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம். “அண்ணே, இது நான் இல்லையே” என்று அப்பாவிடம் வந்தவர்களில் பாதிப் பேருடைய வழக்கு இதிலேயே தீர்ந்திருக்கும். வகிடு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த 2011 ஆய்வை முதன்முதலில் படித்த ராத்திரி, மாடிக்குப் போய் அப்பாவின் மேசையை மூடியிருந்த துணியை எடுத்துப் பார்த்தேன். இழுப்பறையில் இரண்டு பென்சில் கட்டைகள் மிச்சம் இருந்தன. நம் எல்லோர் தலைக்குள்ளும் ஒரு டச்சப்காரர் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியில் நம் முகம் விழுவதற்குள் சுழி சுழியாக நிரப்பிக் கொடுத்துவிடுகிறார். அவர் வேலை செய்வது நமக்கே தெரியாது. அந்தத் தம்பியின் தலைக்குள் அந்த நாற்காலி காலி. அவனைப் பார்த்து ‘உனக்கு மனப்பிரமை’ என்றவர்கள் எல்லோரும் தங்கள் பிரமைக்குள் சௌகரியமாக இருந்துகொண்டுதான் அதைச் சொல்லியிருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. தலையாட்டிவிட்டுப் போன அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்ல முடியவில்லையே என்று இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

எல்லா ஆய்வும் ஒரே திசையில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்கேன் செய்தவர்கள் பார்வையிலேயே வித்தியாசம் காண்கிறார்கள்; ஒன்பது படம் வைத்தவர்கள் பார்வை சரி, மதிப்பீடுதான் இடிக்கிறது என்கிறார்கள். என் அறையில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் உண்மையாகத்தான் தெரிகிறது. துருவும் கண் இருக்கிறது. துருவிக் கண்டதை ஆற்றும் கை இல்லை.

அந்தத் தம்பியின் மூக்கை நான் அளக்கவில்லை. “உன் ஸ்கேல் சரியாத்தான் இருக்கும் தம்பி, நான் வேற ஒண்ணை அளக்கிறேன்” என்று பன்னிரண்டு கேள்வித் தாளை எடுத்தேன். முதல் கேள்விக்கு அவன் கூட்டிப் பார்த்தான். காலையில் மூன்று மணி நேரம், வேலையில் நடுநடுவே, ராத்திரி ஒரு மணி வரை. எட்டைத் தாண்டியது. எழுதிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கைத் தவிர வேறு எதையாவது அவன் அளந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். மனநல மருத்துவர் மாத்திரை எழுதினார். நாங்கள் வாரா வாரம் உட்கார்ந்தோம்.

சிகிச்சையில் கண்ணாடிப் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஆளுயரக் கண்ணாடிக்கு முன் இரண்டு மூன்று அடி தள்ளி நிற்க வேண்டும். நெருங்கக் கூடாது, தொடக் கூடாது. உச்சந்தலையிலிருந்து பாதம் வரை, ஊரில் இல்லாத ஒருவருக்கு போனில் சொல்வது போல, நல்லது கெட்டது இல்லாமல் வர்ணிக்க வேண்டும். முதல் வாரங்களில் அவன் நெற்றியோடு நின்றுவிடுவான். அழுகை வந்துவிடும். அந்த மூன்று மணி நேரம் ஒன்றரை ஆனது, ஜாமெட்ரி பாக்ஸ் ஒருநாள் வரவில்லை, பிறகும் வரவில்லை.

பதினான்காவது வாரம் என்று ஞாபகம். மாஸ்க்கைக் கழற்றி நாற்காலி மேல் வைத்துவிட்டுக் கண்ணாடி முன் போய் நின்றான்.

“முடி கறுப்பு. சுருட்டை. நெத்தி மூணு விரல் அகலம். புருவம் ரெண்டும் நடுவுல சேரல. கண்ணு பழுப்பு.” நிறுத்தினான். வெளியே தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

“மூக்கு,” என்றான். மூச்சு விட்டான். “நடுவுல இருக்கு. கீழ ரெண்டு ஓட்டை. அப்புறம் மீசை.”